தண்ணீர் மேலேறிய ஜன்னல்

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது எங்கள் வீட்டில் கரண்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை, செய்வதற்கு வேலையும் இல்லை. அதனால் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திருவான்மியூரில் மூன்றாம் மாடி. வடக்குப் பார்த்த படுக்கையறையில் ஐந்தடிக்கு நான்கடி அலுமினிய ஸ்லைடிங் ஜன்னல். கண்ணாடி உடைந்துவிடுமோ என்றுதான் பயந்தோம். கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. கீழே, கதவு ஓடும் டிராக்கில் தேங்கியிருந்த மழைநீர்தான் விசித்திரமாக நடந்துகொண்டது. காற்று வந்து அறையும்போதெல்லாம் கொதிக்கிற உலைபோலக் குமிழியிட்டு எழும்பி, உள்பக்க விளிம்பைத் தாண்டி அறைக்குள் வழிந்தது. காற்று மூச்சு வாங்கினால் தணிந்து கீழே போனது. பழைய வேட்டி இரண்டு, வாளி ஒன்று. சாயங்காலம் வரை நானும் மனைவியும் மாற்றி மாற்றிப் பிழிந்தோம்.

தண்ணீர் மேலே ஏறியதில் மாயம் எதுவும் இல்லை. காற்றின் வேகத்தை விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று எடுத்து, அதன் வர்க்கத்தை 0.6ஆல் பெருக்கினால் சுவரின் மேல் விழும் அழுத்தம் பாஸ்கலில் கிடைக்கும். கட்டடப் பொறியாளர்கள் பயன்படுத்தும் இந்தியத் தரநிலையில் இருக்கும் சூத்திரம் இதுதான். ஒரு மில்லிமீட்டர் உயரத் தண்ணீர் சுமார் 10 பாஸ்கல் அழுத்தம் தரும். மணிக்கு 80 கி.மீ. காற்று என்றால் கிட்டத்தட்ட 300 பாஸ்கல். அது தண்ணீரை 30 மி.மீ. தூக்கிவிடும். 110 கி.மீ. என்றால் 55 மி.மீ.க்கு மேல். எங்கள் டிராக்கின் உள்விளிம்பு எவ்வளவு உயரம் என்று மறுநாள் ஸ்கேல் வைத்து அளந்தேன்: 25 மி.மீ. புயலுக்கு முன்னாலேயே தோற்றுப்போன ஜன்னல் அது.

டிராக்கின் வெளிப்பக்கத்தில் வடிகால் துளைகள் இருக்கும். எங்கள் வீட்டிலும் இருந்தன. ஒன்றைப் பூச்சு வேலையின்போது சிமெண்ட் அடைத்திருந்தது. இன்னொன்றை, அதன் வழியாகத்தான் தண்ணீர் உள்ளே வருகிறது என்று நினைத்து, நானே முந்தைய வருடம் சிலிகான் வைத்து மூடியிருந்தேன். படித்தவன் செய்கிற வேலை.

சென்ற ஆண்டு ஜன்னல்களை மாற்றியே தீரவேண்டும் என்ற நிலை வந்தது. கடை கடையாக ஏறி இறங்கினோம். எந்தக் கடையிலும் புயலைப் பற்றி யாரும் பேசவில்லை. எல்லோரும் பேசியது வெப்பம். “சார், அலுமினியம் சூட்டை அப்படியே உள்ள கடத்தும். யு.பி.வி.சி. போட்டீங்கன்னா ஏசி பில் பாதியாகும்” என்றார் ஒருவர். அலுமினியத்தையும், யு.பி.வி.சி. என்ற கடின பிளாஸ்டிக்கையும் ஒரே விளக்கின் கீழ் வைத்து என்னைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தொட்டேன். அலுமினியம் சுட்டது. பி.வி.சி. வெதுவெதுப்பாக இருந்தது.

அவர் சொன்னதில் முதல் பாதி உண்மை. அலுமினியம் பி.வி.சி.யைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். தேக்கும் பி.வி.சி.யும் இந்த விஷயத்தில் ஏறக்குறைய ஒன்று. இரும்பு, அலுமினியத்துக்கும் இவற்றுக்கும் நடுவில். ஆனால் சட்டமாகச் சுவரில் பொருத்திய பிறகு அந்த ஆயிரம் மடங்கு வெறும் மூன்று மடங்காகச் சுருங்கிவிடும். காரணம், சட்டத்தின் இருபுறமும் ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய காற்றுப்படலம். வெப்பம் முதலில் அந்தப் படலத்தைத் தாண்டி உலோகத்துக்கு வர வேண்டும், பிறகு இன்னொரு படலத்தைத் தாண்டி அறைக்குள் போக வேண்டும். இருபுறமும் ஒற்றையடிப் பாதை இருக்க, நடுவில் எட்டுவழிச் சாலை போட்டு என்ன பயன்? ஆகவே அலுமினியச் சட்டம் சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, சுமார் 6 வாட் விடும், மரமும் யு.பி.வி.சி.யும் 2 வாட் அளவில் நிற்கும்.

இதை எங்கள் ஜன்னலுக்குப் பொருத்திப் பார்த்தேன். ஐந்துக்கு நான்கு அடி என்பது 1.86 சதுர மீட்டர். அதில் சட்டம் கால்பங்கு, அரை சதுர மீட்டர்கூட இல்லை. வெளியே 36 டிகிரி, உள்ளே ஏசி போட்டு 26 என்று வைத்தால், அலுமினியத்துக்கும் யு.பி.வி.சி.க்கும் இடையே உள்ள வித்தியாசம் 20 வாட்டுக்கும் குறைவு. வெயிலில் காய்ந்த சட்டத்தின் சூட்டையும் சேர்த்து இரட்டிப்பாக்கினாலும் 40 வாட். அதே ஜன்னல் மேற்குப் பார்த்திருந்தால், ஏப்ரல் மாதம் மாலை நான்கு மணிக்கு அதன் சாதாரணக் கண்ணாடி வழியாக உள்ளே விழும் வெயில் மட்டும் 500 வாட்டைத் தாண்டும். அரை கிலோவாட் ஹீட்டரை அறைக்குள் ஓடவிட்டுவிட்டு, சட்டத்தின் 20 வாட்டுக்காக நாம் பேரம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

யு.பி.வி.சி. ஜன்னல் 1950களில் ஜெர்மனியில் வளர்ந்த பொருள். அங்கே வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பத்து, உள்ளே இருபது. முப்பது டிகிரி வித்தியாசம் மாதக்கணக்கில் நீடிக்கும். சட்டத்தின் உட்புறம் குளிர்ந்தால் அறையின் ஈரம் அதன்மேல் முத்து முத்தாகப் படிந்து பூஞ்சை பிடிக்கும். சட்டத்துக்குள் அறை அறையாகப் பிரித்து காற்றைச் சிறைவைத்ததெல்லாம் அந்தக் குளிருக்காகத்தான். நம் கடற்கரை ஊர்களில் நடப்பது நேர் தலைகீழ். இரவு முழுக்க ஏசியை 22இல் ஓடவிட்டால் விடியற்காலையில் ஜன்னலின் வெளிப்பக்கம் வியர்த்திருக்கும். துடைத்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

ஆக, கடைக்காரர்கள் சொல்லும் பதில் வேறு ஊர்க் கேள்விக்கானது. நம் ஊர் கேட்பது உப்பையும் ஈரத்தையும் காற்றையும் பற்றி.

உப்பு என்ன செய்யும் என்பதற்கு எங்கள் பழைய ஜன்னலையே சாட்சிக்குக் கூப்பிடலாம். கழற்றி மொட்டைமாடியில் சாய்த்து வைத்தபோது நிதானமாகப் பார்த்தேன். சட்டத்தின் நடுப்பகுதி பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகும் பரவாயில்லை. திருகாணி இருந்த இடங்களில் மட்டும் ஒவ்வொன்றைச் சுற்றியும் வெள்ளை மாவு பூத்திருந்தது. நகத்தால் சுரண்டினால் கோலமாவுபோல உதிர்ந்தது. அதற்குக் கீழே அலுமினியம் குழி விழுந்து, ஆணி தானாக ஆடியது. பொருத்தியவர் போட்டது சாதாரண இரும்புத் திருகாணி. இரும்பு, அலுமினியம், இரண்டையும் நனைக்கும் உப்புநீர். மூன்றும் சேர்ந்தால் அது பேட்டரி. அந்தப் பேட்டரியில் தன்னைக் கொடுத்துக் கரைவது அலுமினியம். ஒரு ஆணிக்கு ஒரு ரூபாய் மிச்சம் பிடித்திருப்பார்.

அலுமினியம் இயல்பாகத் தன்னைக் காத்துக்கொள்ளும் உலோகம்தான். வெட்டிய கணமே காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேலே ஒரு ஆக்சைடு தோல் போர்த்திக்கொள்ளும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் மூன்று நான்கு பங்குதான் அந்தத் தோலின் தடிமன். உள்நாட்டு ஊர்களில் அதுவே போதும். கடற்காற்றில் வரும் குளோரைடு அந்தத் தோலில் பலவீனமான புள்ளியைத் தேடிப் பிடித்துத் துளைக்கும். ‘அனோடைஸிங்’ என்பது அதே தோலை மின்சாரத்தால் பல்லாயிரம் மடங்கு தடிப்பாக்குவது. உள்நாட்டு ஊர்களுக்கு 10, 15 மைக்ரான் போதும். கடலோரத்துக்கு 25 மைக்ரான் கேட்க வேண்டும். பவுடர் கோட்டிங் என்றால் அது மேலே பூசிய போர்வை. அடியில் சுத்தம் செய்யாமல் பூசியிருந்தால், வெட்டுமுனை வழியாக உப்பு புகுந்து பூச்சுக்குக் கீழே புழு ஊர்ந்த தடம் மாதிரி ஓடும். கடையில் காட்டும் சாம்பிள் துண்டில் இதெல்லாம் தெரியாது.

இன்னொரு எதிரி கட்டட வேலையிலேயே இருக்கிறது. ஈரச் சிமெண்ட் கடுமையான காரம், அலுமினியத்தைத் தின்னும். பூச்சு முடியுமுன் ஜன்னலை மாட்டினால் தெறித்த இடமெல்லாம் சாம்பல் கறையாக நிரந்தரமாகிவிடும். ஒட்டும் சிலிகானிலும் வகை உண்டு. பிழியும்போது வினிகர் வாடை மூக்கைத் துளைத்தால் அது அமிலம் விடும் ரகம். கண்ணாடிக்கு நல்லது, உலோகத்துக்கும் சிமெண்டுக்கும் ஆகாது. வாடை இல்லாத ரகம் கொஞ்சம் விலை அதிகம்.

இரும்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். 1970, 80களில் கட்டிய குடியிருப்புகளில் வளர்ந்தவர்களுக்கு அந்த மெல்லிய இரும்புச் சட்ட ஜன்னல் தெரியும். வலிமையில் அதற்கு ஈடு இல்லை; விரல் தடிமன் சட்டத்திலேயே பெரிய கண்ணாடியைத் தாங்கும். ஆனால் துரு, தான் பிறந்த இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அது வீங்கும்போது ஜன்னல் சிக்கிக்கொள்ளும், பூச்சு வெடிக்கும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை சுரண்டி, ரெட் ஆக்சைடு அடித்து, பெயிண்ட் பூசும் பொறுமை உள்ளவர்கள் கோயம்புத்தூரிலோ சேலத்திலோ இன்றைக்கும் தாராளமாகப் போடலாம். சென்னைக் கடற்கரையில் போடக்கூடாது. சிமெண்ட் நிலை, கருங்கல் நிலை இரண்டும் சாகாவரம் பெற்றவை. கதவை மாட்ட வேண்டும் என்ற நினைப்பு வந்தால்தான் சங்கடம்.

தேக்குக்கு வருகிறேன். ஆங்கிலத்தின் ‘டீக்’, போர்த்துக்கீசியத்தின் ‘தேக்கா’, தாவரவியலின் ‘டெக்டோனா’ எல்லாவற்றுக்கும் வேர் தமிழும் மலையாளமும் சொல்லும் இந்தத் ‘தேக்கு’தான். செட்டிநாட்டு வீடுகளுக்குப் பர்மாவிலிருந்து கப்பலில் வந்ததும் இதுவே. மரத்தின் எண்ணெயும் அதிலுள்ள குயினோன் வகைச் சேர்மங்களும் கரையானை அண்டவிடாது. ஒரு நிபந்தனை: வைரம் பாய்ந்த உட்பகுதியாக இருக்க வேண்டும். வெளியே இருக்கும் வெள்ளைப் பகுதிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. உள்ளே வைரம் உள்ளதை மரம் என்றும் வெளியே வைரம் உள்ளதைப் புல் என்றும் தொல்காப்பிய மரபியல் பிரித்ததை இங்கே நினைத்துக்கொள்ளலாம். பனையும் மூங்கிலும் புல், தேக்கு மரம். இன்று தோட்டங்களில் இருபது வருடத்தில் வெட்டும் தேக்கில் வைரம் குறைவு, வெள்ளை அதிகம். ‘தேக்கு’ என்று ரசீதில் எழுதியிருப்பது பொய்யில்லை. கரையானுக்கு ரசீது படிக்கத் தெரியாது.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் என் தாத்தா வீட்டில் நான்கு கதவு ஜன்னல் ஒன்று உண்டு. கீழே இரண்டு, மேலே இரண்டு, நடுவில் நெடுக இரும்புக் கம்பிகள். ஐப்பசி பிறந்தால் கீழ்க்கதவு இரண்டும் ஒன்றை ஒன்று கட்டிப்பிடித்துக்கொள்ளும். திறக்கக் குத்த வேண்டும், மூடத் தோள்கொடுக்க வேண்டும். ஒரு கார்த்திகையில் அப்பா ஆசாரியைக் கூப்பிட்டு ஓரத்தை இழைத்துவிடச் சொன்னார். ஆசாரி கதவைத் தடவிப் பார்த்துவிட்டு இழைப்புளியைப் பைக்குள் திரும்பப் போட்டார். “இப்ப இழைச்சா சித்திரையில விரல் போற சந்து விழும் தம்பி. தை பொறக்கட்டும், அதுவே எறங்கிடும்” என்றார். இறங்கிற்று.

மரத்தின் உள்ளே இருப்பவை நெடுக்காக ஓடும் நுண்குழாய்கள். ஈரம் ஏறினால் அவற்றின் சுவர்கள் பருக்கும். ஆகவே மரம் குறுக்கே வீங்கும், நீளவாக்கில் அசைய மறுக்கும். காற்றின் ஈரப்பதம் கூடி மரத்திலுள்ள நீர் 11 சதவீதத்திலிருந்து 15க்கு ஏறினால், ஒரு அடி அகலத் தேக்குப் பலகை இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் விரியும். இரண்டு கதவுக்கும் சேர்த்து நான்கு மில்லிமீட்டர். குறைவாக அசையும் மரங்களில் ஒன்று தேக்கு. அதற்கே இந்தக் கணக்கு. வேறு மலிவு மரங்களில் இதைவிட அதிகம் எதிர்பார்க்கலாம். பேனல் கதவில் நடுப்பலகையைப் பசை போட்டு ஒட்டாமல் காடிக்குள் சும்மா நிறுத்திவைக்கும் தச்சுமுறை, இந்த அசைவுக்கு ஒதுக்கிவைத்த இடம்தான்.

யு.பி.வி.சி. அசைவது ஈரத்துக்கு அல்ல, சூட்டுக்கு. முப்பது டிகிரி ஏறினால் ஐந்தடி நீளச் சட்டம் மூன்று மில்லிமீட்டர் நீளும். அதே நிலையில் அலுமினியம் ஒரு மில்லிமீட்டர், இரும்பு அரை. அதனால் சுவருக்கும் சட்டத்துக்கும் இடையே ஐந்தாறு மில்லிமீட்டர் சந்து விட்டு, அதை இளகும் பொருளால் நிரப்ப வேண்டும். நம் மேஸ்திரிகளுக்குச் சந்தைக் கண்டால் கை சும்மா இருக்காது. சிமெண்டை வைத்து இறுக்கிவிடுவார்கள். அடுத்த கோடையில் சட்டம் நடுவில் வில்லாக வளையும், பழி பொருளின் மேல் விழும். அடர் பழுப்பு மர டிசைன் கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பும்; அடர் நிறம் குடித்துக்கொண்டு 60 டிகிரிக்கு மேல் போகும். பி.வி.சி. 80 டிகிரி பக்கம் இளகத் தொடங்கும் பொருள்.

உப்பு விஷயத்தில் யு.பி.வி.சி.யை அசைக்க முடியாது. பி.வி.சி.யின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். அந்தக் குளோரின் வருவதே சமையல் உப்பிலிருந்து. கடலோரத்துக்குச் சொந்தக்காரன் மாதிரி வந்து உட்கார்ந்துகொள்ளும். அதன் எதிரி வெயில். புற ஊதாக் கதிர் அந்தக் குளோரினைப் பிடுங்கி எடுக்கும்; சட்டம் மஞ்சளித்து, மேல்தோல் சுண்ணாம்பாகக் கையில் ஒட்டும். இதைத் தடுக்கத்தான் கலவையில் டைட்டானியம் டை ஆக்சைடு சேர்க்கிறார்கள். பெயிண்டை வெள்ளையாக்கும் அதே பொடி. விலை அதிகம் என்பதால் மலிவுச் சரக்கில் அதைக் குறைத்துச் சுண்ணாம்புப் பொடியைக் கூட்டுவார்கள். புதிதாக இருக்கும்போது இரண்டும் ஒரே வெள்ளை.

இனி காற்று. தரநிலை சென்னைக்கு வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. அந்தக் காற்று எங்கள் ஐந்துக்கு நான்கு ஜன்னலின் மேல் கிட்டத்தட்ட 280 கிலோ பாரத்தை வைக்கும். நான்கு பேர் ஜன்னலில் சாய்ந்து நிற்பதுபோல. அலுமினியத்தின் விறைப்பு பி.வி.சி.யைப்போல இருபத்தைந்து மடங்கு. பி.வி.சி. தனியாக நின்றால் வளைந்துவிடும். அதனால் அதன் வயிற்றுக்குள் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் ஒன்றைச் செருக வேண்டும். செருகினார்களா இல்லையா என்பது வெளியே தெரியாது. மிச்சம் பிடிப்பது இங்கேதான்.

பொருளைவிடத் திறக்கும் விதம் முக்கியம் என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. ஸ்லைடிங்கில் பாதிக்கு மேல் திறக்க முடியாது. கீலில் ஆடும் கதவு பத்தில் ஒன்பது பங்கு திறக்கும். எங்கள் ஊரைப்போன்ற புழுக்க ஊர்களில் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது திறக்கும் ஜன்னலாக இருக்கட்டும் என்கிறது மத்திய அரசு 2018இல் கொண்டுவந்த ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’. அதோடு, வெளிப்பக்கம் திறக்கும் கதவைப் புயற்காற்று சட்டத்தின் ரப்பரோடு சேர்த்து இன்னும் இறுக்கும். தண்ணீர் தேங்க டிராக்கும் கிடையாது. அப்படியானால் ஊரெல்லாம் ஏன் ஸ்லைடிங்? திருடனுக்குப் பயந்து வெளியே கிரில் போட்டிருக்கிறோம். கதவு போய் கிரிலில் இடிக்கும்.

கிரிலை உள்ளே மாற்றினோம். வடக்கு, கிழக்கு ஜன்னல்களுக்கு வெள்ளை யு.பி.வி.சி., கீல் வைத்த கதவு என்று முடிவாயிற்று. விலை பேசிய கடைக்கு நான் ஒரு பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். காட்சிக்கு வைத்திருந்த சட்டத்தில் வைத்ததும் டக்கென்று பிடித்தது. எங்களுக்காகச் செய்து அடுக்கியிருந்த ஆறு சட்டங்களில் நான்கில் பிடித்தது, இரண்டில் வழுக்கிக் கீழே விழுந்தது. “சின்ன சைசுக்குத் தேவைப்படாது சார்” என்றார் கடைக்காரர். விழுந்த இரண்டும் ஐந்தடிச் சட்டங்கள். அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பத்து நாள் கழித்து வேறு இரண்டு வந்தன.

மேற்கு ஜன்னலில் பழைய அலுமினியத்தையே விட்டுவிட்டு, ஆணிகளை மட்டும் துருப்பிடிக்காத எஃகுக்கு மாற்றினேன். அதற்கு வெளியே இப்போது ஒரு மூங்கில் தட்டி தொங்குகிறது. நாலு மணி வெயில் சாய்ந்து வருவதால் மேலே இருக்கும் சன்ஷேடு அதற்கு உதவாது. உள்ளே திரை போட்டாலும் கண்ணாடியைத் தாண்டிய சூடு தாண்டியதுதான். புயல் எச்சரிக்கை வந்தால் தட்டியை ஞாபகமாகச் சுருட்டிக் கட்ட வேண்டும். சென்ற வாரம் கட்டப் போனபோது அதன் மடிப்புக்குள் அணில் ஒன்று தேங்காய் நாரைக் கொண்டுவந்து அடைத்து வைத்திருந்தது.